குவாடலூப் போன ஹில்ராயும் அமீனா யூடோக்சியும்

யூடோக்சி என்ற பெயரைக் கிளோத்தில் என்கிறவள் முதன்முதலில் ஒரு வசவாகத்தான் கேட்டாள். லா ப்ளேனில் பஸ் வந்து நிற்கிற இடத்தில், வாழைத்தார் லாரி ஓட்டுகிற ஒருவன் கையில் கசங்கிய காகிதத்தோடு நின்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

"தேங்கா மிட்டாய் வாங்கினேன்யா! வாயில போட்டு மென்னுக்கிட்டே சுத்தின காகிதத்தப் பிரிச்சுப் பாக்குறேன், கோர்ட்டு சம்மன்! அந்த யூடோக்சி நாசமாப் போக!"

"மிட்டாய் எப்படிடா இருந்துச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

"நல்லாத்தான் இருந்துச்சு. அதான் இன்னும் வயிறு எரியுது."

கூட்டம் சிரித்தது. கிளோத்திலும் சிரித்தாள். அப்போது அவளுக்கு நிறைமாதம். அவள் தோளில் கைபோட்டு நின்ற ஹில்ராய் டாரூ எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். "பெத்த பிள்ளைக்குச் சோறு போடாதவன்லாம் ஆம்பளையாடா?" என்று லாரிக்காரனைப் பார்த்துக் கேட்டவனும் அவன்தான். அந்த வாயை நம்பித்தான் கிளோத்தில் அவனோடு குடித்தனம் வைத்தாள். வாய் மட்டும்தான் அவனிடம் இருந்தது என்பது பிள்ளை பிறந்து நடக்க ஆரம்பித்த பிறகு தெரிந்தது.

ஹில்ராய் கொத்து வேலை, தச்சு வேலை இரண்டும் தெரிந்தவன். ஊரில் எல்லார் வீட்டுக்கும் கூரை போட்டுவிட்டு, தன் வீட்டுக் கூரையைப் பாதியில் விட்டிருந்தான். ஒரு சனிக்கிழமை, கூரைக்கு ஆணி வாங்கி வருகிறேன் என்று போனான். ஆணியும் வரவில்லை, அவனும் வரவில்லை. மகள் நெரிஸாவுக்கு அப்போது இரண்டு வயது. கிளோத்தில் வாழைக்காய் பெட்டி கட்டும் கொட்டகையில் வேலை பார்த்து, கூரையைத் தன் அண்ணன்மாரை வைத்து முடித்து, பிள்ளையையும் வளர்த்தாள். ஒரு காசு யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருக்க மாட்டாள்தான். ஆனால் நெரிஸா பரீட்சையில் தேறி, டவுனில் இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கிவிட்டாள். லா ப்ளேனிலிருந்து டவுனுக்கு மலையைச் சுற்றிக்கொண்டு தினமும் போய்வர முடியாது. அங்கேயே தங்க வேண்டும், சாப்பிட வேண்டும், யூனிஃபார்ம் வேண்டும், புத்தகம் வேண்டும். கொட்டகைக் கூலியில் அது நடக்காது. அப்போதுதான் கிளோத்தில் டவுன் கோர்ட்டில் ஜீவனாம்சத்துக்கு எழுதிக் கொடுத்தாள்.

ஹில்ராயின் அம்மாவை ஊரில் மரியாதையாக மா டாரூ என்பார்கள்; அவள் யார் என்று சொல்லிவிட வேண்டும். அவள் டாரூ வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவளே ஒழிய, பிறந்தது டெலிஸ் ஊர் லாவில் குடும்பத்தில். லாவில்கள் மூன்று பேர். மூத்தவள் ஒலீவ், கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். நடுவில் இந்த மா டாரூ. கடைசி தம்பி அல்ஃபோன்ஸ், ஹில்ராய்க்குத் தாய்மாமன். துடுப்புப் போடக் கற்றுக்கொடுத்ததும், முதல் கிளாஸ் ரம் ஊற்றிக் கொடுத்ததும் அந்த மாமன்தான். லாவில் ரத்தத்தில் ஒரு குணம் உண்டு. தங்களை யாராவது மதிக்காமல் விட்டுவிட்டால் அதை அவர்களால் விழுங்கவே முடியாது. ஒலீவ் கிழவி, ஞானஸ்நான விருந்து ஒன்றில் தனக்குக் கோழிக்கால் வைக்கவில்லை என்று ஒரு பாதிரியாரோடு அவர் சாகும்வரை பேசவில்லை.

முதல் சம்மனை எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கத்து ஊர்களுக்குச் சம்மன் கொடுக்கிற கோர்ட்டுப் பழைய அமீனா டெலிஸுக்குப் போனார். மா டாரூ மாதா படத்தின் மேல் கை வைத்து, "எம் புள்ள குவாடலூப் போயிட்டான் ஐயா. படகுல போனான். கடுதாசி கூட இல்ல" என்று அழுதாள். அமீனா அவள் கொடுத்த ரம்மைக் குடித்துவிட்டு, ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டு திரும்பிவிட்டார். இரண்டாம் தடவையும் அதே அழுகை, அதே ரம். எங்கள் தீவில் காணாமல் போன ஆம்பிளை எல்லாம் பக்கத்துத் தீவான குவாடலூப்பில்தான் இருக்கிறான். அத்தனை பேரும் உண்மையிலேயே அங்கே போயிருந்தால் குவாடலூப் பாரம் தாங்காமல் கடலில் அமிழ்ந்து போயிருக்கும்.

மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, இன்னொரு தடவ அனுப்பறேன். அதுவும் திரும்பி வந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஆள் கெடைச்சப்பறம் வாங்க."

ஆள் கிடைப்பதற்குள் பள்ளிக்கூடம் திறந்து, நெரிஸாவின் இடம் வேறு யாருக்காவது போய்விடும். கிளோத்தில் வெளியே வந்து படிக்கட்டில் நின்றாள். கோர்ட்டு கிளார்க் பெண் பின்னாலேயே வந்து காதோரம் சொன்னாள்: "அக்கா, அந்தப் பக்கம் பாத்த பழைய ஆளு ஓய்வு வாங்கிட்டாரு. இந்தத் தடவ யூடோக்சிகிட்ட கேளுங்க. கட்டடத்துக்குப் பின்னால இருப்பாங்க. சாப்பிடுற நேரத்துல கேக்காதீங்க."

கிளோத்தில் போனபோது அவள் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். கனத்த உடம்பு, செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தாள், மடியில் ஒரு தட்டு நிறைய பொரித்த ரொட்டியும் உப்பு மீனும்.

"உக்காரு. நின்னுக்கிட்டு இருந்தா எனக்குக் கழுத்து வலிக்கும். யாரு, புருஷனா, கூட இருந்தவனா?"

"கூட இருந்தவன்."

"அதுதான் நல்லது. புருஷன்னா வக்கீலும் கூட வருவான். சரி, எங்க இருக்கானாம்?"

"குவாடலூப்ல."

யூடோக்சி மென்றுகொண்டிருந்ததை நிறுத்தி வானத்தைப் பார்த்தாள். "என் அப்பனும் அங்கதான் இருந்தாரு. நம்ம கிராண்ட் பே ஊருல, எங்க வீட்டுக்கு மூணாவது தெருவுல."

அவளைப் பற்றிக் கிளோத்தில் போகப்போகத்தான் தெரிந்துகொண்டாள். யூடோக்சியின் அப்பா மீன் விற்கிறவர். மீன் விற்கப் போன ஊரில் எல்லாம் ஒரு வீடு வைத்திருந்தார். அப்பா இன்றைக்கு எந்த ஊரில் படுத்திருக்கிறார் என்று தேடிப் பிடித்து, மாவு வாங்கக் காசு கேட்டு வாங்கி வருவதுதான் சின்ன வயதில் அவளுக்கு அம்மா கொடுத்த வேலை. பிற்காலத்தில் அதே வேலைக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தபோது அவளால் நம்பவே முடியவில்லை. கட்டிய புருஷன் குராசாவோ தீவில் எண்ணெய் ஆலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். அவனைத் தேடவில்லையா என்று கேட்டால், "அவன் போகணும்னு மெழுகுவத்தி ஏத்தினவளே நான்தான்" என்பாள். அவள் கொடுத்த முதல் சம்மன் கூடப்பிறந்த அண்ணனுக்கு. அதற்குப் பிறகு அண்ணன் அவளோடு பேசுவதில்லை. "பேசினாலும் பொய்தான் பேசுவான், ஒண்ணும் நஷ்டமில்ல."

அன்றைக்கு யூடோக்சி விரலை நக்கிக்கொண்டு கேட்ட கேள்வி கிளோத்திலைத் தூக்கிவாரிப் போட்டது.

"அவங்க குடும்பத்துல யாரு சாகக் கெடக்கா?"

"என்ன கேக்குறீங்க, மா யூடோக்சி?"

"கோர்ட்டுக்குப் பயந்து ஒளியறவன் எல்லாம் சாவு அறிவிப்புக்கு ஒளிய மாட்டான், பொண்ணே. ரேடியோவுல மாமன் மச்சான் பேரெல்லாம் ஊரோட சேத்து வாசிக்கும்போது அவன் பேரு வராமப் போனா, தின்ன சோறு உள்ள எறங்காது. சொல்லு, கெழடு கெட்டை யாரு இருக்கா?"

மத்தியானச் செய்தி முடிந்ததும் ரேடியோவில் சாவு அறிவிப்பு வாசிப்பார்கள். அந்த நேரத்தில் தீவில் இலை அசையாது. செத்தவன் யார் என்பது ஒரு வரிதான். பிள்ளைகள், பேரன் பேத்திகள், அக்காள் தங்கை பிள்ளைகள், இங்கிலாந்தில் இருக்கிறவன், செயின்ட் தாமஸில் இருக்கிறவள், சிநேகிதர்கள் என்று ஒவ்வொரு பெயரும், அவரவர் ஊரும் வரிசையாக வரும். யார் பெயர் முன்னால், யார் பெயர் பின்னால் என்பதற்காகக் கத்தியை எடுத்தவர்கள் உண்டு. ஆனால் அதில் ஒரு கட்டுப்பாடும் உண்டு. எப்பேர்ப்பட்ட புளுகனும் செத்தவன் பேரில் வாசிக்கிற அறிவிப்பில் பொய் சொல்லத் துணியமாட்டான். செத்தவன் ராத்திரி வந்து காலைப் பிடித்து இழுப்பான் என்று பயம்.

"அவன் பெரியம்மா ஒலீவ்," என்றாள் கிளோத்தில். "போன ஈஸ்டர்லேருந்து படுக்கையிலதான். பாதிரியார் ரெண்டு தடவ வந்து எண்ணெய் பூசிட்டுப் போயிட்டாரு."

"நல்லதாப் போச்சு. போய்ப் பாத்துட்டு வருவோம்."

போனார்கள். வெறுங்கையோடு போனால் சந்தேகம் வரும் என்று யூடோக்சி சேம்பிலையும் நண்டும் போட்டு ஒரு பானை சூப் வைத்து எடுத்துக்கொண்டாள். மாதா சபைக்காரி, நோயாளிகளைப் பார்க்க வந்தேன் என்று ஒரு பொய். மா டாரூ அந்த நேரத்தில் தோட்டத்தில் இருந்தாள். கிளோத்தில் உள்ளே போகாமல் வேலிக்குப் பின்னால் நின்றாள். ஒலீவ் கிழவி எலும்பும் தோலுமாகக் கட்டிலில் கிடந்தாள். ஒரு கரண்டி சூப் குடித்தாள். கண்ணைத் திறந்தாள். இன்னொரு கரண்டி கேட்டாள்.

மறுவாரம் போனபோது தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அதற்கடுத்த வாரம் நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சினாள். அதற்கும் அடுத்த தடவை, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ஏம்மா லேட்டு? உப்பு கொஞ்சம் தூக்கலாப் போட்டியா?" என்று கேட்டாள்.

திரும்பி வரும்போது கிளோத்தில் அழுகிற நிலையில் இருந்தாள். "உங்க சூப்பாலதான் அவ தேறிட்டா! விசாரணைத் தேதி வந்துடும், கெழவி டான்ஸ் ஆடிக்கிட்டு இருப்பா!"

"என் கைராசி அப்படி," என்றாள் யூடோக்சி, குற்றவாளி போல. "இனிமே மட்டமான நண்டா வாங்கறேன்."

அக்கா படுக்கையை விட்டு எழுந்த சந்தோஷத்தில் தம்பி அல்ஃபோன்ஸ் அந்த ஞாயிற்றுக்கிழமை ரம் கடையில் எல்லாருக்கும் ஊற்றச் சொன்னான். டோமினோ ஆட்டத்தில் கடைசிக் கட்டையை மேஜையில் ஓங்கி அடித்து, ஜெயித்துவிட்டேன் என்று எழுந்தான். எழுந்தவன் அப்படியே சாய்ந்தான். கல் மாதிரி இருந்தவன், ஒரு நாள் தலைவலி என்று படுத்ததில்லை. எதிரே ஆடிக்கொண்டிருந்தவர்கள், அவன் போட்ட கட்டையைப் பார்த்து ஜெயித்தது உண்மைதான் என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் ஆளைத் தூக்கினார்களாம்.

சாவுச் சேதி கேட்டு யூடோக்சி பஸ் பிடித்து லா ப்ளேன் வந்துவிட்டாள். இரண்டு பேரும் கிளோத்தில் வீட்டு அடுக்களையில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அடுப்பில் சேப்பங்கிழங்கு கொதித்தது. அறிவிப்பு வந்தது. அக்காக்கள் ஒலீவ் லாவில், டெலிஸ்; திருமதி டாரூ, டெலிஸ். அக்காள் பிள்ளைகள் என்று இங்கிலாந்தில் இருக்கிற எக்பர்ட் முதல் வரிசையாக வந்தது. சம்பந்தி வீடு, சம்பந்திக்குச் சம்பந்தி வீடு, டோமினோ சங்கத்தார் அனைவரும், ரம் கடைக்காரர், அண்டை வீட்டுப் பல் டாக்டர். அறிவிப்பு முடிந்தது. ஹில்ராய் பெயர் இல்லை.

கிளோத்தில் தலையில் கை வைத்தாள். "போச்சு. அவன் நெஜமாவே எங்கேயோ போயிட்டான்."

யூடோக்சி தொடையில் ஓங்கித் தட்டிக்கொண்டாள். "அடி லூசு! போயிருந்தா 'குவாடலூப்பில் இருக்கும் ஹில்ராய்'னு மொதல்ல வாசிச்சிருப்பாங்க. வெளிநாட்டுல ஒருத்தன் இருக்கான்னா அந்தப் பெருமையை விடுவாளா உன் மாமியா? பொய் சொல்லப் பயந்துதான் பேரையே விட்டுட்டா. ஆள் இங்கதான் இருக்கான்."

"இங்கன்னா எங்க? இந்த மலையில எத்தன ஊரு!"

"அது எனக்கெதுக்கு? அவனே சொல்லுவான். பல் டாக்டர் பேரு வந்திருக்கு, அவன் பேரு வரல. லாவில் ரத்தம்னு நீதானே சொன்ன?"

மறுநாள் மத்தியானம் கிளோத்தில் கொட்டகையிலிருந்து மினி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். பஸ் நிறைய ஆட்கள், மடியில் கோழியோடு ஒரு அம்மாள், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்திக்கொண்டிருந்த கண்டக்டர். சாவு அறிவிப்பு இசை வந்ததும் டிரைவர் ரேடியோவைக் கூட்டினான். பஸ் அமைதியானது. கோழிகூடக் கத்தவில்லை.

"நேற்றைய அறிவிப்பில் ஒரு பெயர் விடுபட்டுவிட்டது," என்றது ரேடியோ. "காலஞ்சென்ற அல்ஃபோன்ஸ் லாவில் அவர்களின் பிரியமான அக்காள் மகன், அவரால் சொந்த மகனைப் போல வளர்க்கப்பட்டவர், பென்வில் ஊரைச் சேர்ந்த பிரபல கட்டட கான்ட்ராக்டர் ஹில்ராய் டாரூ. பெயர் விடுபட்டதற்கு வருந்துகிறோம்."

பஸ்ஸில் இருந்த அத்தனை தலையும் ஒன்றாகத் திரும்பிக் கிளோத்திலைப் பார்த்தது. டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே பஸ்ஸை ஓரங்கட்டினான்.

"யக்கா கிளோத்தில்! உன் குவாடலூப் இப்ப பென்வில்லுக்கு வந்துடுச்சாம்!"

"கான்ட்ராக்டராம்ல!" என்றாள் கோழிக்காரி. "எங்க அக்கா வீட்டுக்கு ஜன்னல் வெக்கறேன்னு முன்பணம் வாங்கிட்டுப் போன கான்ட்ராக்டர்தானே?"

பஸ் குலுங்கியது. கிளோத்திலுக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் எரிந்தது. இத்தனை வருஷம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான் என்று நினைத்திருந்தவன், தீவின் வடக்கு முனையில், பஸ்ஸில் போய்வரும் தூரத்தில், சோறு தின்று, ரேடியோ கேட்டு, கௌரவத்தோடு இருந்திருக்கிறான். பென்வில் கடையில் அன்று நின்றவர்கள் பிற்பாடு சொன்னது: கடை டெலிபோனில் அவன் ரேடியோ நிலையத்துப் பெண்ணை அழவிட்டுவிட்டான். "பல்லப் புடுங்குறவன் சொந்தம், நான் யாரோவா?" என்று கத்தினானாம். கான்ட்ராக்டர் என்பதற்கு முன்னால் பிரபல என்று போடும்வரை டெலிபோனை வைக்கவில்லையாம்.

"இன்னைக்கே பென்வில் போவோம்," என்றாள் கிளோத்தில், யூடோக்சியைப் பார்த்ததும்.

"போனா என்ன ஆகும்? அந்த ஊருல வெளியூர்க்காரி கால வெச்சா, நாய் கொரைக்கிறதுக்கு முன்னாடி அவன் காதுக்குப் போயிடும். பின்பக்கம் கடல். இந்தத் தடவ நெஜமாவே குவாடலூப் போயிடுவான். சாவுக்கு வருவான், விடு. ஊரே கேட்டாச்சு. சொந்த மகனாட்டம் வளர்ந்தவன் பெட்டியத் தூக்காம இருப்பானா?"

"கோயிலுக்குள்ளயே குடுத்துடுங்க."

யூடோக்சி முகம் மாறியது. "அது மட்டும் மாட்டேன். கோயிலுக்குள்ள கடவுள் எல்லை. கல்லறைக்குள்ள செத்தவங்க எல்லை. அங்க நான் காகிதம் நீட்ட மாட்டேன். வேற வேலை செய்யலாம், இந்த வேலையில அந்த ஒரு மானம் இருக்கு."

"அப்பறம் எங்க?"

"ரெண்டுக்கும் நடுவுல ரோடு இருக்கு இல்ல? ரோடு சர்க்காருது."

அடக்க நாளன்று டெலிஸ் கோயிலில் இடம் இல்லை. மா டாரூ மகனைத் திட்டித் தீர்த்திருந்தாள். ஆனாலும் என்ன செய்ய, வந்துவிட்டான். கோட்டு போட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டு, தடித்துப்போய் வந்திருந்தான். நெரிஸாவின் நெற்றியும் காதும் அப்படியே அவனிடமிருந்ததைப் பார்த்துக் கிளோத்திலுக்கு எரிச்சலாக வந்தது. நல்ல காது, அதை வைத்துக்கொண்டு என்ன பிரயோஜனம்! அவனைச் சுற்றிச் சித்தப்பா பிள்ளைகள் மதில் மாதிரி நின்றார்கள். கல்லறைக்குப் பின்னால் ஒரு ஜீப் தயாராக நின்றது. எல்லாம் மா டாரூ ஏற்பாடு.

யூடோக்சி பெரிய கறுப்புத் தொப்பியோடு வந்தபோது வாசலில் ஒருத்தன் மறித்தான். "நீங்க யாரு?"

"அவளை விடுடா," என்றது உள்ளிருந்து ஒரு குரல். ஒலீவ் கிழவி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கையாட்டினாள். "என் சூப்புக்காரி. வா, இங்க வந்து உக்காரு." யூடோக்சி பக்கத்தில் உட்கார்ந்ததும் கிழவி காதோடு சொன்னாள்: "நீ எதுக்கு வர்றேன்னு மொதல் நாளே தெரியும்டி. மாதா சபைக்காரி எவளும் நண்டு போட மாட்டா. சூப்பு நல்லா இருந்துச்சு, அதான் சாகல."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா சூப்பு நின்னுடும். அதுவுமில்லாம அந்தப் பொண்ணு நெரிஸா என் பேத்தி மொறைதான். ஒரு தடவகூட இந்தப் பய அவள என் கண்ணுல காட்டல. என்னை மதிக்காத பய." ஹில்ராய் மேல் அவளுக்கு இருந்த கோபம் கிளோத்திலுக்காக இல்லை, தனக்காக. யூடோக்சிக்கு அது போதும்.

பூசை முடிந்தது. ஆறு ஆம்பிளைகள் பெட்டியின் கைப்பிடிகளைப் பிடித்துத் தூக்கினார்கள். அல்ஃபோன்ஸ் நன்றாகத் தின்றவன். பெட்டி கனத்தது. ஹில்ராய் பின்பக்கம் இடது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். கோயில் வாசற்படி தாண்டி, கேட்டு தாண்டி, பெட்டி ரோட்டுக்கு வந்தது. பாட்டுக்காரர்கள் முன்னால் போனார்கள். சித்தப்பா பிள்ளைகள் எல்லாரும் பெட்டி தூக்குவதில் மாட்டிக்கொண்டதால் மதில் கரைந்துவிட்டது. இது மா டாரூவுக்குத் தோன்றவில்லை.

யூடோக்சி தொப்பியை நேர்செய்துகொண்டு, பெட்டியோடு கூடவே நடந்தாள்.

"ஹில்ராய் டாரூ?"

"யாரு?" என்றான், மூச்சு வாங்கிக்கொண்டு.

"கோர்ட்டு அமீனா. ஜீவனாம்ச வழக்கு. சம்மன்."

அவன் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. ஒரு கணம் கைப்பிடியை விடப்போனான். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. முன்னால் பிடித்திருந்தவன் அலறினான்: "டேய்! மாமா சரியுறாருடா!"

ஹில்ராய் மறுபடி இறுக்கிப் பிடித்தான். "கையில குடுக்கணும்னு சட்டம் இருக்கு," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "என் கை காலியா இல்ல. பாத்துக்க."

"அதுக்கென்ன ராசா, நான் பாத்துக்கறேன்," என்று யூடோக்சி காகிதத்தை மடித்து, அவன் உள்ளங்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் செருகினாள். "இப்ப விடு பாக்கலாம். விட்டா காகிதமும் விழும், மாமாவும் விழுவாரு."

பின்னால் ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்த மா டாரூ, தம்பியைக் கூப்பிட்டு அழுத அதே மூச்சில், குரலைக்கூட மாற்றாமல், யூடோக்சியின் பரம்பரையை இழுத்து வசைபாட ஆரம்பித்தாள். அழுகை எங்கே முடிந்தது, வசவு எங்கே ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. சக்கர நாற்காலியிலிருந்து ஒலீவ், "கெட்டியாப் புடிடா, மழை வர்ற மாதிரி இருக்கு, காகிதம் நனைஞ்சிடும்!" என்று கத்தினாள். பாட்டுக்காரர்களுக்குச் சிரிப்பில் ராகம் பிசகியது. பாதிரியார் மட்டும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அவர் காது சிவந்திருந்தது.

கல்லறைக்குள் போகும்வரை ஹில்ராய் அந்தக் காகிதத்தைச் சுமந்துதான் போனான். யூடோக்சி கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டாள். பெட்டியை இறக்கி, எல்லாரும் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டபோது, அவன் சம்மனைக் கசக்கி மண்ணோடு மண்ணாகக் குழிக்குள் வீசினான். மாமனுக்கு அவன் கடைசியாகக் கொடுத்தது அதுதான். பிறகு ஜீப்பில் ஏறிப் போய்விட்டான்.

"போட்டுட்டானே!" என்றாள் கிளோத்தில்.

"போடட்டும். என் வேலை கையில குடுக்கறது. அப்பறம் அத அவன் கண்ணாடி போட்டுச் சுவத்துல மாட்டினா என்ன, குழியில போட்டா என்ன?"

விசாரணை அன்று ஹில்ராய் வந்தான். வராமல் இருந்தால் போலீஸ் வரும், பென்வில்லில் பிரபலம் கெட்டுவிடும். மாஜிஸ்ட்ரேட் முன்னால் நின்று, சம்மனே தனக்குக் கிடைக்கவில்லை என்று சொல்வதற்காகத்தான் வந்திருந்தான் போல. ஆனால் அவர் தலையை நிமிர்த்தாமலே, "சம்மன் கொண்டு வந்திருக்கியா?" என்று கேட்டதும், வாய் முந்திக்கொண்டது.

"அது மாமாகிட்ட இருக்குங்க ஐயா."

கோர்ட்டில் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. என்ன வேலை செய்கிறாய் என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். "வேலையே இல்லீங்க. யாராவது கூப்பிட்டா கூலிக்குப் போவேன். பல நாள் பட்டினிதான்."

கிளோத்திலால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்தாள். "ஐயா, நீங்க மத்தியானம் ரேடியோ கேப்பீங்களா?"

மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் மத்தியானம் வீட்டுலதாம்மா சாப்பிடறேன்," என்றார். ஹில்ராய் பக்கம் திரும்பினார். "பிரபல கட்டட கான்ட்ராக்டர் கட்டவேண்டியது என்னன்னு இப்ப சொல்றேன், கேட்டுக்கோ."

கூலிக்காரனுக்குப் போட்டிருக்கக்கூடியதைவிட அது கூடுதலாகவே இருந்தது. நெரிஸா பள்ளிக்கூடம் போனாள்.

பாதிரியார் யூடோக்சி மேல் புகார் எழுதினார். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். அவள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், "சொல்றதுக்குப் பாவம் ஒண்ணும் இல்ல ஃபாதர், ஒரு நல்ல காரியம் செஞ்சேன், அதச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். அவர் என்ன சொன்னார் என்று கேட்டால் மட்டும் சொல்லமாட்டாள். வேலை போகவில்லை. வேறு யாரும் அந்த வேலைக்கு வரத் தயாராக இல்லை.

ஹில்ராய் ஒழுங்காகக் கட்டினான் என்று சொன்னால் பொய். மாதம் தவறும். தவறினால் யூடோக்சி தேங்காய் மிட்டாய்க் கூடையோடு பென்வில் சந்தையில் போய் உட்காருவாள். ஒன்றும் கேட்கமாட்டாள், அவன் வீட்டைப் பார்த்தபடி மிட்டாய் விற்பாள். அடுத்த வாரம் கோர்ட்டில் பணம் வந்துவிடும். நெரிஸா டவுனில் தங்கியது யூடோக்சி வீட்டில்தான். கிளோத்தில் எவ்வளவு சொல்லியும் வாடகை வாங்க மறுத்துவிட்டாள். பிள்ளை படிக்கிற புத்தகத்தைத் தனக்கும் வாசித்துக் காட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். நடுவில் தூங்கிவிடுவாள், குறட்டை விடுவாள், பிள்ளை நிறுத்தினால் முழித்துக்கொண்டு திட்டுவாள். அந்தக் குறட்டையோடு போட்டி போட்டுப் படித்துத்தான் நெரிஸா தேறினாள். இப்போது அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். கொட்டகை மூடியபிறகு கிளோத்திலும் டவுனுக்கு வந்து மகளோடு இருக்கிறாள்.

யூடோக்சி ஓய்வு வாங்கிவிட்டாள். முழங்கால் வீங்கிவிட்டது, மலை ஏற முடியாது. டவுனில் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்துச் சந்தில், நெரிஸா தங்கிப் படித்த அந்த இரண்டு அறை வீட்டின் முன்னறையில் இருக்கிறாள். பின்னறையில் கிளோத்திலும் நெரிஸாவும் இருக்கிறார்கள்.